குளியலறை ஓடுகள்: அழகும் பாதுகாப்பும்

யானைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. நான்கு தூண் போன்ற கால்களை உடைய யானைக்கே அடி சறுக்கும் என்றால், சோப்பு நுரை படிந்த தரையில் வெறுங்காலுடன் நிற்கும் மனிதரின் நிலை என்ன? வீட்டில் உள்ள மிகச் சிறிய அறைகளுள் ஒன்று குளியலறை. ஆயினும், வழுக்கி விழும் அபாயம் அங்கேதான் அதிகம். தரை எப்போதும் ஈரமாக இருக்கும்; இடமோ குறுகியது; விழுபவர் பற்றிக்கொள்ளப் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை.

65 வயதுக்கு மேற்பட்டோரில் 28 முதல் 35 விழுக்காட்டினர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் கீழே விழுகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இளையர் ஒருவர் விழுந்தால் சிராய்ப்போடு எழுந்துவிடக்கூடும். முதியவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். அதன் பிறகு முன்போல நடமாட முடியாமலும் போகலாம். 2030ஆம் ஆண்டிற்குள் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 வயதைக் கடந்தவராக இருப்பார். எனவே, குளியலறைத் தரையில் எந்த ஓட்டைப் பதிப்பது, அதை எவ்வாறு பராமரிப்பது என்பது அழகை மட்டும் பொறுத்த கேள்வி அன்று. தாத்தா பாட்டியின் பாதுகாப்பும் அதில் அடங்கியுள்ளது.

தரை ஏன் வழுக்குகிறது?

பாதத்திற்கும் தரைக்கும் இடையே உராய்வு இருப்பதால்தான் மனிதரால் நடக்க முடிகிறது. தரையில் நீர் தேங்கும்போது பாதத்திற்கும் ஓட்டிற்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் உருவாகிறது. பாதம் ஓட்டை நேரடியாகத் தொடுவதற்குப் பதிலாக அந்தப் படலத்தின்மீது மிதக்கிறது. சோப்பும் தலைக்கு இடும் ஷாம்பூவும் சேர்ந்தால் வழுக்கல் இன்னும் கூடுகிறது. கண்ணாடிபோல் மின்னும் ஓட்டில் இந்தப் படலம் எளிதில் பரவி நிற்கும். சற்றுச் சொரசொரப்பான ஓட்டிலோ நுண்ணிய மேடுகள் படலத்தைக் கிழித்துக்கொண்டு பாதத்தைப் பற்றிக்கொள்ளும்.

ஓட்டின் வழுக்குத் தடுப்புத் திறனை அளக்கப் பல சோதனைகள் உள்ளன. அவற்றுள் ஜெர்மனியில் வகுக்கப்பட்ட சாய்தளச் சோதனை பலரும் அறிந்தது. ஓடுகள் பதிக்கப்பட்ட ஒரு தளத்தில் எண்ணெய் தடவப்படும். சோதனை செய்பவர் காலணி அணிந்து, பாதுகாப்புக் கயிற்றுடன் அதன்மீது முன்னும் பின்னும் நடப்பார். தளத்தின் சாய்வு சிறிது சிறிதாகக் கூட்டப்படும். எந்தக் கோணத்தில் அவருடைய கால் சறுக்கத் தொடங்குகிறதோ அதைக் கொண்டு ஓடு வகைப்படுத்தப்படும். 6 முதல் 10 பாகை வரை தாங்குவது ‘ஆர் 9’. அதற்கு மேல் 19 பாகை வரை தாங்குவது ‘ஆர் 10’. அதற்கும் மேல் 27 பாகை வரை தாங்குவது ‘ஆர் 11’. இவ்வரிசை ‘ஆர் 13’ வரை செல்கிறது.

குளியலறையில் யாரும் காலணியோடு குளிப்பதில்லை அல்லவா? அதற்காக இன்னொரு சோதனை உண்டு. அதில் எண்ணெய்க்குப் பதிலாகச் சோப்பு கலந்த நீர் பயன்படுத்தப்படும். சோதனை செய்பவர் வெறுங்காலுடன் நடப்பார். குறைந்தது 12 பாகை சாய்வைத் தாங்கும் ஓடு ‘ஏ’ வகை; 18 பாகையைத் தாங்குவது ‘பி’ வகை; 24 பாகையைத் தாங்குவது ‘சி’ வகை. உடை மாற்றும் அறை போன்ற, பெரும்பாலும் உலர்ந்திருக்கும் இடங்களுக்கு ‘ஏ’ போதும். குளிக்கும் பகுதிக்கு ‘பி’ ஏற்றது. நீச்சல் குளத்திற்குள் இறங்கும் படிகளுக்கு ‘சி’ தேவைப்படும்.

ஓடு வாங்கச் செல்பவர்கள் இவ்வகைகளைப் பற்றிக் கடைக்காரரிடம் தயங்காமல் கேட்கலாம். கடையில் உலர்ந்திருக்கும் ஓட்டைத் தொட்டுப் பார்த்து முடிவெடுப்பது போதாது. ஒரு மாதிரி ஓட்டை வாங்கிவந்து, சோப்பு நீர் ஊற்றி விரலால் தேய்த்துப் பார்த்தால், ஈரத்தில் அது எப்படி மாறுகிறது என்பது ஓரளவு புலப்படும்.

அப்படியென்றால் மிகவும் சொரசொரப்பான ஓட்டையே வாங்கிவிடலாமே என்று சிலர் எண்ணக்கூடும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மேடு பள்ளம் மிகுந்த ஓட்டில் அழுக்கும் சோப்புப் படிவும் எளிதில் தங்கிவிடும். அதைத் தேய்த்துக் கழுவுவதும் கடினம். சுத்தம் செய்யப்படாத சொரசொரப்பான ஓடு நாளடைவில் வழவழப்பான ஓட்டைப் போலவே வழுக்கத் தொடங்கும். ஆகவே, பாதத்தைப் பற்றும் அளவுக்குச் சொரசொரப்பும், தூரிகையால் எளிதில் தேய்த்துக் கழுவக்கூடிய பரப்பும் கொண்ட ஓடே வீட்டுக்கு ஏற்றது.

எந்த ஓடு எங்கே?

குளியலறை ஓடுகள் பெரும்பாலும் களிமண்ணைச் சூளையில் சுட்டுச் செய்யப்படுபவை. சாதாரணப் பீங்கான் ஓடு, போர்சலின் ஓடு என அவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். போர்சலின் ஓடு நுண்மையான களிமண் கலவையை மிகுந்த அழுத்தத்தில் அழுத்தி, அதிக வெப்பத்தில் சுட்டுச் செய்யப்படுவது. அதனால் அதில் நுண்துளைகள் மிகக் குறைவு. போர்சலின் என்று அழைக்கப்பட, ஓடு தன் எடையில் 0.5 விழுக்காட்டிற்கு மேல் நீரை உறிஞ்சக் கூடாது என்பது அனைத்துலகத் தரநிலை. அதாவது, 1 கிலோகிராம் எடையுள்ள ஓடு 5 கிராமுக்கு மேல் நீரை உறிஞ்சாது. சாதாரணச் சுவர் ஓடுகளில் பலவோ அதே எடைக்கு 100 கிராமுக்கும் அதிகமான நீரை உறிஞ்சக்கூடியவை.

இதனால் சுவர் ஓடுகள் தரம் குறைந்தவை என்று பொருளாகாது. சுவர் ஓடு இலேசாக இருப்பதால் சுவரில் ஒட்டுவது எளிது; அதன்மேல் உள்ள மெருகுப் பூச்சு நீரைத் தடுக்கிறது. சுவரின்மேல் யாரும் நடப்பதில்லை. ஆகையால், அங்கே பளபளப்பான ஓட்டைப் பதித்தாலும் தீங்கில்லை. ஆனால், அதே ஓட்டைத் தரையில் பதித்தால் அது வழுக்கும். கனமான பொருள் விழுந்தால் எளிதில் உடைந்தும் போகும். சுவரும் தரையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற ஆசையில் சுவர் ஓட்டைத் தரைக்குப் பயன்படுத்துவது ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதற்குச் சமம்.

ஓட்டின் அளவும் முக்கியமானது. 60 செண்டிமீட்டர் நீளமும் அகலமும் கொண்ட பெரிய ஓடுகள் அறையை விசாலமாகக் காட்டும். ஆயினும், குளிக்கும் பகுதியின் தரை வடிகால் துளையை நோக்கி நான்கு புறமும் சரிந்திருக்க வேண்டும். பெரிய ஓடு வளையாது. அதை வெட்டாமல் அந்தச் சரிவுக்கு ஏற்பப் பதிப்பது கடினம். 5 செண்டிமீட்டர் அளவுள்ள சிறிய ஓடுகள் சரிவோடு எளிதில் இணங்கிச் செல்லும். மேலும், அவற்றுக்கு இடையே உள்ள கோடுகள் பாதத்திற்குக் கூடுதல் பிடிமானம் தரும். கோடுகள் அதிகமாவதால் தேய்த்துக் கழுவும் வேலையும் அதிகமாகும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, வீட்டில் பார்வை மங்கிய முதியவர் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். சுவரும் தரையும் ஒரே வெள்ளையாக இருந்தால் தரை எங்கே முடிகிறது, படி எங்கே தொடங்குகிறது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியாது. தரைக்கு ஒரு நிறமும் சுவருக்கு வேறொரு நிறமும் இருந்தால் அவர் அடியெடுத்து வைப்பது எளிதாகும்.

தேவையான ஓடுகளின் எண்ணிக்கையை மாணவர்களே கணக்கிடலாம். 1.8 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ள தரையின் பரப்பளவு 2.7 சதுர மீட்டர். 30 செண்டிமீட்டர் பக்க அளவுள்ள ஒரு சதுர ஓட்டின் பரப்பளவு 0.09 சதுர மீட்டர். ஆக, 30 ஓடுகள் தேவை. வெட்டும்போது சில ஓடுகள் வீணாகும் என்பதால் 10 விழுக்காடு கூடுதலாகச் சேர்த்து 33 ஓடுகள் வாங்குவது நல்லது. மிஞ்சும் ஓடுகளை எறிந்துவிடக் கூடாது. ஒவ்வொரு முறை சூளையில் சுடும்போதும் ஓட்டின் நிறம் சற்றே மாறக்கூடும். பிற்காலத்தில் ஓர் ஓடு உடைந்தால், அதே நிறத்தில் இன்னொன்று கடையில் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

கண்ணுக்குத் தெரியாத காவலர்கள்

ஓடு பதித்துவிட்டால் நீர் கீழே இறங்காது என்று பலரும் நம்புகின்றனர். அது தவறான நம்பிக்கை. ஓடுகளுக்கு இடையே உள்ள இடைவெளியைச் சிமெண்டு கலந்த ஒரு சாந்தால் நிரப்புவார்கள். ‘கிரவுட்’ என்று தொழிலாளர்கள் அழைக்கும் இந்த இடைவெளிச் சாந்தில் நுண்துளைகள் உண்டு. ஒவ்வொரு நாளும் சிறிதளவு நீர் அதன் வழியே உள்ளே இறங்கிக்கொண்டுதான் இருக்கும். அதைத் தடுத்து நிறுத்துவது ஓடுகளுக்கு அடியில் பூசப்பட்டுள்ள நீர்க்காப்புப் படலமே. தரை முழுவதும் பரவியிருக்கும் அந்தப் படலம், ஓரங்களில் சுவரிலும் சற்று ஏறி நிற்கும். குளிக்கும் பகுதியில் இன்னும் உயரமாகப் பூசப்படும். படலம் பூசிய பிறகு தரையில் நீரைத் தேக்கி, 24 மணி நேரம் கழித்துக் கீழ்த்தளத்தில் கசிவு உள்ளதா என்று சோதிப்பது வழக்கம். அதன் பின்னரே ஓடு பதிக்கும் வேலை தொடங்கும்.

சிங்கப்பூர்வாசிகளில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் வாழ்கின்றனர். ஒரு வீட்டின் குளியலறைத் தரைக்குக் கீழேதான் இன்னொரு வீட்டின் கூரை இருக்கிறது. மேல்வீட்டின் நீர்க்காப்புப் படலம் பழுதடைந்தால் கீழ்வீட்டின் கூரையில் ஈரக் கறை தோன்றும், சாயம் உரியும். கசிவு நீடித்தால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் துருப்பிடிக்கும். துருப்பிடித்த இரும்பு பருக்கும். பருத்த இரும்பு கான்கிரீட்டைப் பிளந்து கீழே உதிர்க்கும். சிறு துளி பெருவெள்ளம் என்பதை இங்கே வேறு பொருளில் காணலாம். இத்தகைய கூரைக் கசிவைச் சரிசெய்யும் பொறுப்பு மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் கூட்டாக உண்டு. அண்டை வீட்டார் ஒருவரை ஒருவர் குறைகூறிக்கொண்டிருந்தால் கசிவு நிற்காது. இருவரும் ஒத்துழைத்தால்தான் நிற்கும்.

புதிதாகக் கட்டி முடிக்கப்பட்ட வீவக வீட்டில் முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறையின் சுவர், தரை ஓடுகளைப் பெயர்த்தெடுக்கக் கூடாது என்ற விதிமுறை இருப்பதற்கும் இதுவே காரணம். ஓட்டைப் பெயர்க்கும்போது அடியில் உள்ள நீர்க்காப்புப் படலமும் கிழிந்துவிடும். பிறகு ஓட்டை மாற்ற விரும்புவோர் கழகத்தின் அனுமதி பெற்று, அதன் பட்டியலில் இடம்பெற்ற குத்தகையாளரைக் கொண்டே வேலை செய்ய வேண்டும்.

சரிவும் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு காவலர். ஒரு மீட்டர் தூரத்திற்குக் குறைந்தது ஒரு செண்டிமீட்டர் அளவு தரை தாழ்ந்திருந்தால் நீர் தானாகவே வடிகாலை நோக்கி ஓடும். குளித்து முடித்து அரை மணி நேரம் கழித்தும் ஒரு மூலையில் நீர் தேங்கி நின்றால், அங்கே சரிவு சரியாக இல்லை என்று அறியலாம்.

பராமரிப்பு என்னும் அன்றாடக் கடமை

சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் அதிகமாக இருக்கும். ஈரமும் சோப்புப் படிவும் உள்ள இடத்தில் பூஞ்சை வளரும். இடைவெளிச் சாந்தில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கு அதுவே காரணம். இதைத் தடுக்கச் சில நிமிடங்கள் போதும். குளித்து முடித்தவர் தரையிலும் சுவரிலும் உள்ள நுரையை நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பிறகு, ரப்பர் பட்டை பொருத்திய துடைப்பானால் நீரை வடிகாலை நோக்கித் தள்ள வேண்டும். சன்னலைத் திறந்து வைத்தாலோ காற்றை வெளியேற்றும் விசிறியை இயக்கினாலோ அறை விரைவில் உலரும்.

வாரம் ஒரு முறை மிதமான சோப்பு நீரையும் நைலான் தூரிகையையும் கொண்டு தரையைத் தேய்த்துக் கழுவலாம். இரும்புக் கம்பி நாரைப் பயன்படுத்தக் கூடாது. அது மெருகுப் பூச்சைக் கீறிவிடும். கீறல்களில் அழுக்குச் சேரும். புளிக்காடி, எலுமிச்சைச் சாறு, கடும் அமிலக் கழுவு நீர்மங்கள் ஆகியவை கறையைப் போக்கும் என்று பலர் கருதுகின்றனர். ஆனால், சிமெண்டு கலந்த சாந்தை அமிலம் சிறிது சிறிதாக அரித்துவிடும். பளிங்குக் கல் பதித்த தரையில் அமிலம் பட்டால் மங்கிய தழும்பு விழும். அதை மீண்டும் மெருகேற்றினால்தான் பழைய பளபளப்பு திரும்பும்.

பூஞ்சையைப் போக்க நீர் கலந்த ‘பிளீச்’ பயன்படுத்தலாம். அப்போது கையுறை அணிந்து, சன்னலைத் திறந்து வைத்து, பின்னர் நன்றாகக் கழுவிவிட வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கையை யாரும் மறக்கக் கூடாது. பிளீச்சை அமிலக் கழுவு நீர்மத்துடன் ஒருபோதும் கலக்கக் கூடாது. கலந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு வெளிப்படும். அம்மோனியா கலந்த கழுவு நீர்மத்துடன் சேர்ந்தாலும் நச்சு வாயு உண்டாகும். குளியலறை சிறியது என்பதால் அந்த வாயு விரைவில் நிறைந்து மூச்சைத் திணறடிக்கும். இரண்டு மருந்தைச் சேர்த்தால் இரட்டிப்புப் பலன் கிடைக்கும் என்ற எண்ணம் இங்கே உயிருக்கே ஆபத்தாகலாம்.

சுவரும் தரையும் சந்திக்கும் மூலைகளில் சாந்துக்குப் பதிலாகச் சிலிக்கோன் பசை பூசப்பட்டிருப்பதைக் காணலாம். வெப்பத்தாலும் ஈரத்தாலும் சுவரும் தரையும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும். அங்கே கெட்டியான சாந்து விரிசல் விடும். சிலிக்கோன் இழுபட்டு ஈடுகொடுக்கும். அது கிழிந்தாலோ சுவரை விட்டு உரிந்தாலோ, பழையதை முழுவதும் நீக்கிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

ஆண்டுக்கு ஓரிரு முறை ஒவ்வோர் ஓட்டையும் ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டிப் பார்க்கலாம். நன்றாக ஒட்டியிருக்கும் ஓடு கெட்டியான ஒலி தரும்; அடியில் பிடிப்பு விட்ட ஓடு வெற்றுப் பெட்டியைத் தட்டுவதுபோல் ஒலிக்கும். 2018ஆம் ஆண்டு ஜனவரியில் சிங்கப்பூரில் வழக்கத்திற்கு மாறான குளிர் நிலவியபோது, சில வீடுகளில் தரை ஓடுகள் திடீரென்று மேலெழும்பி உடைந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல ஓட்டின் பிடிப்பு தளர்கிறது; வெப்பநிலை திடீரென்று மாறும்போது ஓடும் அதன் அடித்தளமும் வெவ்வேறு அளவில் சுருங்குகின்றன. பிடிப்புத் தளர்ந்த ஓட்டை முன்னரே அறிந்தால் உடைந்த விளிம்பில் யாருடைய காலும் வெட்டுப்படாமல் காக்கலாம்.

பழைய தரைக்கும் வழி உண்டு

தரை வழுக்குகிறது என்பதற்காக எல்லா ஓடுகளையும் பெயர்த்தெடுக்க வேண்டியதில்லை. ஓட்டின் மேற்பரப்பில் ஒரு வகை நீர்மத்தைப் பூசி, நீர் பட்டாலும் பிடிமானம் இருக்குமாறு செய்யலாம். சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘ஈஸ்’ திட்டத்தின்கீழ், தகுதிபெறும் மூத்தோரின் வீவக வீடுகளில் இப்பூச்சு பூசப்படுகிறது. கைப்பிடிக் கம்பிகளும் பொருத்தப்படுகின்றன. செலவின் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. ஆயினும், பூச்சின் மேல் சோப்புப் படிவு சேர்ந்துவிட்டால் அதன் பயன் குறைந்துவிடும். தரையைக் கழுவும் வேலை அங்கேயும் தொடர வேண்டும்.

இத்தகைய உதவி இருப்பதை அறியாத முதியவர்கள் பலர் உள்ளனர். அறிந்தும், “எனக்கென்ன, நான் நன்றாகத்தானே நடக்கிறேன்!” என்று தயங்குவோரும் உண்டு. அவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லவும் விண்ணப்பம் செய்ய உதவவும் வீட்டில் உள்ள இளையர்களால் முடியும். குளித்தபின் நுரையைக் கழுவிவிட்டு வருவதற்கோ, தேங்கிய நீரைத் தள்ளிவிடுவதற்கோ பெரிய பணமும் தேவையில்லை, தனித்திறனும் தேவையில்லை. தமக்குப் பின் குளிக்க வருபவர் பாட்டியாக இருக்கலாம் என்ற நினைவு ஒன்றே போதும்.

ஓடு வாங்கும் நாளில் எல்லாரும் நிறத்தையும் வடிவத்தையும் பார்க்கின்றனர். அன்றே அதன் வழுக்குத் தடுப்புத் திறனையும் கேட்டறிந்து, ஏற்ற ஓட்டைப் பதித்து, பின்னர் நாள்தோறும் பராமரித்தால் அந்தத் தரை பல்லாண்டுகள் உழைக்கும். விழுந்தபின் மருத்துவமனைக்கு ஓடுவதைவிட, விழாமல் காப்பதே அறிவுடைமை.